கல்லூரி விளையாட்டு நிர்வாகத்தில் ஓராண்டுப் பயிற்சி: குமரி மாவட்டப் பட்டதாரிகளுக்கான வழிகாட்டி

பட்டம் வாங்கிய பிறகும் மைதானத்தை விட்டுப் போக மனம் வராதவர்கள் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை எனக் கடலோர ஊர்களில் கால்பந்து ஊறிக் கிடக்கிறது. உள்ளே வந்தால் கபடிக்கும் வாலிபாலுக்கும் குறைவில்லை. ஆனால் கல்லூரி அணியில் ஆடிய எல்லோருக்கும் காவல்துறை, ரயில்வே, வங்கி அணிகளில் இடம் கிடைப்பதில்லை. உடற்கல்விப் பட்டம் எல்லோரிடமும் இருப்பதும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர், பி.காம். படித்தவரானாலும் வரலாறு படித்தவரானாலும், விளையாட்டை ஆடும் பக்கத்திலிருந்து நடத்தும் பக்கத்துக்கு வர ஓராண்டைச் செலவிடலாம். அந்த ஓராண்டுப் பயிற்சியை எப்படிக் கேட்டுப் பெறுவது, பெற்ற பிறகு எதைக் கற்பது, முடியும்போது எவற்றைக் கையில் வைத்திருப்பது என்பவற்றை இங்கே சொல்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, இண்டியானாபொலிஸில் உள்ள தன் தலைமையகத்தில் பட்டதாரிகளை ஓராண்டுக்கு ஊதியத்தோடு சேர்த்துக்கொண்டு நிர்வாகம் கற்றுத்தருகிறது. பிரிட்டனிலும் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகள் இத்தகைய இடங்களை விளம்பரம் செய்து நிரப்புகின்றன. நம் பக்கத்தில் அச்சிட்ட விண்ணப்பத்தோடு காத்திருக்கும் திட்டம் அரிது. ஒரு கல்லூரியின் உடற்கல்வித் துறை, மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டம், நீங்களே எழுதிக் கொடுக்கும் வேலைத்திட்டம் ஆகிய மூன்றையும் நீங்கள்தான் ஒன்றாகக் கோத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன்பே ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் உடற்கல்வி அறையில் உட்கார்ந்து, சொன்ன எடுபிடி வேலையைச் செய்து, கடைசியில் ஒரு சான்றிதழோடு வெளியே வந்தால் அதனால் பயன் மிகக் குறைவு. ஒரே ஒரு போட்டியையாவது, சுற்றறிக்கை எழுதுவதிலிருந்து கணக்கை முடித்துத் தணிக்கைக்குக் கோப்பை ஒப்படைப்பது வரை, முழுவதுமாக நீங்கள் சுமந்திருக்க வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது முதல் சான்றிதழ் கேட்பது வரை எல்லாவற்றையும் அந்த ஒரு நோக்கத்துக்கு ஏற்பவே அமைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கல்லூரியில் கேட்பது

பல்கலைக்கழக விளையாட்டு படிப்படியான அமைப்பு. கல்லூரி அணிகள் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மோதுகின்றன. அங்கிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகிறது. அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்கும், அங்கே முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டிக்கும் போகிறது. அதற்கு மேல் 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும், உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளும் இருக்கின்றன. குமரி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா கல்லூரி, தூத்தூரில் புனித யூதா கல்லூரி என்று இந்தப் பட்டியல் நீளும். இவற்றில் நீங்கள் கற்பது பெரும்பாலும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளின் வேலையாக இருக்கும். குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் உயர்கல்வி மையம் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம், இடையில் வேறொரு பல்கலைக்கழகம் இல்லாமல், தன் அணியைத் தானே தேர்ந்தெடுத்து மண்டலப் போட்டிக்கு அனுப்பும். அங்கே தேர்வு முகாம், வெளியூர்ப் பயணம், மண்டலப் போட்டிக்கான பதிவு ஆகிய வேலைகள் முன்னால் நிற்கும். இரண்டும் நல்லவையே, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு கதவைத் தட்டுங்கள்.

பெயர் பெற்ற கல்லூரியா என்று பார்ப்பதை விட, இந்த ஆண்டு அந்தக் கல்லூரி ஏதேனும் ஒரு போட்டியை ஏற்று நடத்துகிறதா என்று பாருங்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் வெளியிடும் விளையாட்டு நாட்காட்டியில், எந்தப் போட்டி எந்தக் கல்லூரியில் என்பது இருக்கும்; உடற்கல்வி இயக்குநரிடம் ஜூன் மாதத்திலேயே கேட்டால் சொல்லிவிடுவார். பெரிய உடற்கல்வித் துறையில் பயிற்சி பெறுபவருக்குக் கிடைப்பது மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய வேலைதான். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே இயக்குநர் இருக்கும் கல்லூரியில், இரண்டாவது ஆளாக நுழையும் உங்கள் கையில் முதல் வாரத்திலேயே கோப்பு வந்துவிடும். எனவே தனியாளாகச் சமாளிக்கும், ஆனால் முதல்வரின் நம்பிக்கையைப் பெற்ற ஓர் இயக்குநரைத் தேடுங்கள் என்பது என் யோசனை.

கேட்கும் முறையும் உதவித்தொகையும்

உடற்கல்வி இயக்குநரிடம் முதலில் நேரில் பேசுங்கள். அவர் சம்மதித்த பிறகே முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். இந்த வரிசையை மாற்றினால், தன்னைக் கேளாமல் மேலே போய்விட்டார் என்ற மனத்தாங்கல் ஆண்டு முழுவதும் நீடிக்கும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். “மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, தங்கள் கல்லூரி இக்கல்வியாண்டில் ஏற்று நடத்தவிருக்கும் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியின் நிர்வாகப் பணிகளில், உடற்கல்வி இயக்குநர் அவர்களின் மேற்பார்வையில், ஓராண்டுக்குப் பயிற்சி பெறுபவராகப் பணியாற்ற அனுமதி வேண்டுகிறேன்” என்று தொடங்கி, எந்த மாதத்தில் எந்த வேலை என்ற பட்டியலை இணைத்தால் போதும்.

முதல்வரை இணங்க வைக்கும் வாதம் ஒன்று உண்டு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான ‘நாக்’ செய்யும் மதிப்பீட்டின் ஐந்தாம் அளவுகோலில், மாணவர்கள் விளையாட்டில் பெற்ற பதக்கங்களையும் கல்லூரி நடத்திய போட்டிகளையும் ஆண்டுவாரியாகச் சான்றுகளோடு காட்ட வேண்டும். பல கல்லூரிகளில் இந்தச் சான்றிதழ்கள் அலமாரியிலும், பழைய மாணவர்களின் வீடுகளிலும், யாரோ ஒருவருடைய செல்பேசியிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, பெயர், விளையாட்டு, நிலை, தேதி வாரியாகப் பட்டியலிட்டு, நகலெடுத்து ஒழுங்கு செய்து தருகிறேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்கும் கல்லூரி குறைவு.

உதவித்தொகைக்குத் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம், பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இதில் வழி திறந்தது. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. நீங்கள் மாணவராகவும் கல்லூரி நிறுவனமாகவும் இத்திட்டத்தின் வலைத்தளத்தில் பதிவு செய்து, ஒப்பந்தம் அங்கேயே உருவாக வேண்டும். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தில் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைக்கப்பட்டது. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. பதிவு செய்யும் நாளில் வலைத்தளம் காட்டும் தொகையையே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கடமை கல்லூரிக்கு இல்லை என்பதையும் இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி பதிவு செய்யத் தயங்கினால், கல்லூரியின் நியமனக் கடிதமும் போக்குவரத்துச் செலவும் மட்டுமாவது கேட்டுப் பெறுங்கள். கடிதம் இல்லாத பயிற்சியை ஏற்காதீர்கள். விளையாட்டு வீரர்கள் பலர் நன்றியுணர்வால் தாம் படித்த கல்லூரியில் எழுத்தில்லாமல் உழைத்துக் கொடுக்கிறார்கள். நன்றி நல்லதுதான், ஆனால் அதைக் கொண்டு அடுத்த நேர்காணலில் எதையும் காட்ட முடியாது.

தகுதிப் படிவம்: முதலில் கற்க வேண்டிய வேலை

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளையாட்டு நிர்வாகம் என்றால் பந்தலும் கோப்பையும் மேடையும்தான். உள்ளே இருப்பவர்களுக்குத் தகுதிப் படிவம்தான் எல்லாம். ஒரு மாணவர் முழுநேரப் படிப்பில் இருக்கிறாரா, இந்த ஆண்டுக் கட்டணம் கட்டிப் பெயர் பதிவேட்டில் உள்ளதா, 17 முதல் 25 வயது என்ற வரம்புக்குள் வருகிறாரா, வேறு இடத்தில் முழுநேர வேலையில் இருக்கிறாரா என்பவற்றைப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும் போனஃபைட் சான்றிதழையும் அடையாள அட்டையையும் அசலாகவே பார்த்துச் சரிபார்க்க வேண்டும். வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பது சுற்றறிக்கையில் இருக்கும். அந்த வரியை அடிக்கோடிட்டு அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். நம் மாவட்டத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு சான்றிதழில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் வருவதும், வீட்டுப் பெயர் ஒன்றில் சேர்ந்தும் ஒன்றில் விடுபட்டும் இருப்பதும், ஞானஸ்நானப் பெயர் ஆதாரில் மட்டும் இருப்பதும் வழக்கம். எதிரணி ஆட்சேபம் எழுப்பினால் இந்தச் சிறு வேறுபாடே ஓர் அணியை வெளியேற்றப் போதுமானது. ஜூலையிலேயே எல்லா வீரர்களின் பெயரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படி ஓர் அட்டவணையாக்கி, அதிலிருந்து மட்டுமே படிவங்களை நிரப்புவதை வழக்கமாக்குங்கள்.

பெயர்ப் பட்டியல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. 2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்–ரூர் பகுதியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கு இந்தியா 12 பேர் கொண்ட இறகுப்பந்து அணியை அனுப்பியது. மேலாளர்கள் கூட்டத்தில் பெயர்கள் முழுமையாகச் சேர்க்கப்படாததால் 6 பேர் ஆடவே முடியாமல் போனது என்று செய்திகள் வெளியாயின. மீதி 6 பேரைக் கொண்டே அந்த அணி கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றது. கடல் கடந்து போய்க் காலணியைக் கூடக் கட்டாமல் திரும்பிய அந்த 6 பேரின் நிலை, வீரராக இருந்த உங்களுக்கு யாரும் விளக்காமலே புரியும்.

போட்டி அட்டவணை

அட்டவணை போடுவதைக் கையால் கற்றுக்கொள்ளுங்கள். மென்பொருள் பிறகு வரட்டும். 19 கல்லூரிகள் நாக்–அவுட் முறையில் ஆடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆட்டங்களின் எண்ணிக்கை அணிகளை விட ஒன்று குறைவு, அதாவது 18. 19க்கு மேலே உள்ள, இரண்டின் அடுக்கான எண் 32. எனவே 32லிருந்து 19ஐக் கழித்தால் 13 அணிகளுக்கு ‘பை’ கிடைக்கும், அதாவது அவை முதல் சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும். மேல் பாதியில் 10 அணியும் 6 பையும், கீழ்ப் பாதியில் 9 அணியும் 7 பையும் வைத்தால், மேலே 2 ஆட்டமும் கீழே ஓர் ஆட்டமும் நடந்து, இரண்டு பாதியிலும் எட்டெட்டு அணிகள் நிற்கும். பையை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம் அல்ல. கடந்த ஆண்டு வெற்றி பெற்ற அணிகளைத் தனித்தனி மூலைகளில் வைத்துவிட்டு, மற்றவற்றை அணி மேலாளர்களின் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, அந்தத் தாளில் அவர்களின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். குலுக்கலைப் பற்றிய சண்டை வராத போட்டியே இல்லை. கையெழுத்து இருந்தால் அது அறைக்குள் முடியும்.

கடைசி 4 அணிகளை லீக் முறையில் ஆட வைப்பது என்று முடிவானால் கணக்கு மாறுகிறது. 19 அணிகள் 4 ஆகும் வரை 15 ஆட்டம், 4 அணிகளின் லீக் 6 ஆட்டம், ஆக 21. ஒரே கால்பந்து மைதானத்தில் நாளுக்கு 3 ஆட்டம் என்றால் முதற்பகுதிக்கு 5 நாள். லீக்கில் ஓர் அணி ஒரே நாளில் இருமுறை ஆட முடியாது என்பதால் நாளுக்கு இரண்டாக 3 நாள். எட்டு நாளைக்கு நடுவர், மருத்துவ உதவி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் வேண்டும். செலவுத் திட்டம் போடும் முன் அட்டவணையைப் போடச் சொல்வது இதனால்தான்.

இனி நம் ஊர்க் கணக்கு. மாநிலத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை மட்டும் நினைத்தால் போதும். குமரியில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் இந்த மாதங்களில்தான் நடக்கின்றன. ஆகவே எட்டு நாள் போட்டிக்கு இரண்டு நாளாவது மாற்று நாளாக ஒதுக்கி, அருகிலுள்ள இன்னொரு மைதானத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் வேண்டுமென்றால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், ஏனெனில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் பள்ளிப் போட்டிகளும் அதே அரங்கத்தைக் கேட்கும். டிசம்பர் 3இல் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் மண்டைக்காடு கொடை ஆகிய நாட்களில் சாலையில் வண்டி நகராது, பாதுகாப்புக்குக் காவலர் கிடைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம் வைத்தால் கடலோர ஊர்ப் பையன்கள் பூசையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், பிற்பகலுக்குத் தள்ளுங்கள். பல்கலைக்கழக வளாகம் இருக்கும் அபிஷேகப்பட்டி, திருநெல்வேலியைக் கடந்து தென்காசிச் சாலையில் இருக்கிறது. அங்கே காலை 8 மணிக்குத் தேர்வு என்றால் தூத்தூர் மாணவர் விடியுமுன்பே கிளம்ப வேண்டும், அல்லது முந்தின இரவே போய்த் தங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் அணியை அனுப்பிவிட்டு, பையன் சோர்ந்து ஆடினான் என்று குறை சொல்வதில் நியாயமில்லை. காலை ஆட்டத்துக்குப் போகும் வேனில் ஏத்தன் பழத்தாரையும் தண்ணீர்க் கேனையும் முந்தின இரவே ஏற்றி வைப்பதும் உங்கள் வேலைதான்.

பணமும் பதிவேடும்

முன்பணம் வாங்கிய நாளிலேயே ஒரு நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதத் தொடங்குங்கள். ரசீதுக்கு அன்றன்றே எண் போட்டு, அதே எண்ணைச் செலவு வரியிலும் எழுதுங்கள். வீரர்களுக்குத் தினப்படி கொடுத்தால் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். அணித்தலைவர் எல்லோருக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டால் தணிக்கையில் நிற்காது. நடுவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத்தலை ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பந்து, வலை, கொடி ஆகியவற்றைச் சரக்குப் பதிவேட்டில் ஏற்றாமல் மைதானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்; கிழிந்த பந்தைக் கூடத் தூக்கி எறியாமல் கழிவுப் பட்டியலில் சேர்த்து வையுங்கள். போட்டி முடிந்த ஒரு வாரத்துக்குள் கணக்கை முடிக்கப் பாருங்கள். அதற்கு மேல் போனால் வேன் ஓட்டியவரையும் சாப்பாடு தந்தவரையும் தேடிப் போய் ரசீது கேட்பதே தனி வேலையாகிவிடும்.

வீரர்களின் பாதுகாப்பு

பெண்கள் அணி வெளியூர் போனால் பெண் மேலாளர் ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும்; தங்குமிடத்தை அவர் முன்னதாகப் பார்த்திருக்க வேண்டும். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் அமைக்கப்பட்ட உள்ளகப் புகார்க் குழுவின் தொடர்பு எண் அணியில் உள்ள ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். புகார் வந்தால் நீங்கள் விசாரிக்கவோ சமாதானம் செய்யவோ முயலாமல் அன்றே அந்தக் குழுவிடம் சேர்ப்பித்துவிடுங்கள். ஊக்கமருந்துச் சோதனை பல்கலைக்கழக அளவுக்கும் வந்துவிட்டது. 2022இல் இதற்கெனத் தேசியச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சளிக்கும் ஆஸ்துமாவுக்கும் கடையில் வாங்கும் சில மருந்துகளிலும், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தரும் மாவிலும் தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கலாம். ஒவ்வொரு வீரரும் என்ன மருந்து உட்கொள்கிறார் என்று எழுதி வாங்கி, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் வலைத்தளத்தில் சரிபார்த்து, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆண்டு முடியும்போது

இந்த அனுபவம் மட்டும் உங்களை உடற்கல்வி இயக்குநர் ஆக்காது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி அந்தப் பதவிக்கு உடற்கல்வியிலோ விளையாட்டு அறிவியலிலோ 55 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டமும், தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். உடல்திறன் தேர்வும் உண்டு. 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரும் ஓட வேண்டும். அந்த வழியில் போக விரும்புவோர் சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும், 1920 முதல் இயங்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியையும் பார்க்கலாம். உடற்கல்வி படிக்காதவர்களுக்குத் தனியார் விளையாட்டுக் கழகங்கள், பயிற்சியகங்கள், பள்ளிகளின் விளையாட்டு ஒருங்கிணைப்பு, போட்டிகளை நடத்தித் தரும் நிறுவனங்கள் ஆகியவை திறந்திருக்கின்றன. அங்கே பட்டத்தை விட, எத்தனை அணிகள் கொண்ட போட்டியை எவ்வளவு செலவில் நடத்தினீர்கள் என்றே கேட்பார்கள்.

அதனால் விடைபெறும் முன் மார்ச் மாதத்திலேயே, நீங்கள் நடத்திய போட்டியின் சுற்றறிக்கை, குலுக்கல் தாள், அட்டவணை, செலவுச் சுருக்கம், பத்திரிகைச் செய்தி ஆகியவற்றின் நகல்களை, வீரர்களின் தனிப்பட்ட விவரங்களை நீக்கி, இயக்குநரின் அனுமதியோடு ஒரு கோப்பாக்கிக்கொள்ளுங்கள். கல்லூரி தரும் சான்றிதழில் “சிறப்பாகப் பணியாற்றினார்” என்ற வழக்கமான வரிக்குப் பதிலாக, எந்தப் போட்டி, எத்தனை அணிகள், எந்தெந்தப் பொறுப்புகள் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் பெரும்பாலான இயக்குநர்கள் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுவார்கள். தொழிற்பழகுநராகப் பதிவு செய்திருந்தால், மாதாந்திர வருகைப் பதிவுகளைக் கல்லூரி முழுமையாக வலைத்தளத்தில் ஏற்றிவிட்டதா என்று பார்த்துவிட்டு, வாரியத்தின் தேர்ச்சிச் சான்றிதழையும் தனியாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.